பதிலையும் நானே சொன்னேன்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம், "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். எங்கே போகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதுளையில் இறங்கி, பசறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, நமுனுகுல மலையடியில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போக வேண்டும். இருந்தும் வாயில் சொல் வரவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தமிழ் தெரியாதவள் என்று நினைத்துச் சிங்களத்தில் கேட்டார். அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பக்கத்து சீட்டில் இருந்த பெண், "பதுளைக்குத்தானே?" என்றாள். தலையாட்டினேன். கண்டக்டர் டிக்கட்டை அவளிடம் கொடுத்தார். அவள் என் விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் டிக்கட்டை வைத்து, மறுபடியும் மூடிவிட்டாள். ஊமை என்று நினைத்திருப்பாள்.

நான் ஊமை இல்லை. ஐந்தரை வருடமாக நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவள். பேசினால் பதில் வராத ஒரு வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும்போது குளவி கொட்டி இறந்தவர். அப்போது மகளுக்கு ஏழு வயது. ஒரு வருடம் கொழுந்து பறித்துப் பார்த்தேன், முடியவில்லை. தோட்டத்தில் ஒருத்தி சொல்லி, பண்டாரவளைக்கு அப்பால் தனி மேட்டில் இருந்த ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. இரண்டு மகன்மாரும் வெளிநாட்டில். டீச்சரைக் கழுவி, உடுத்தி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைப்பது என் வேலை. மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனேன். தங்கச்சிக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் கொழும்பில் வேலை செய்து மாதத்துக்கு ஒருமுறை வருபவர். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்திலேயே, எனக்கு அடுத்த ஒற்றையறைக் காம்பராவில்தான் அவள் இருந்தாள். அதனால் பிள்ளை இடம் மாறவில்லை, கதவுதான் மாறியது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் வருடம் மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்தேன். பிறகு கொரோனா வந்தது. டீச்சரின் பெரிய மகன் போன் எடுத்து, "யாரையும் உள்ள விடாதீங்க. நீங்களும் வெளிய போகாதீங்க. அம்மாவுக்கு வந்தா தாங்க மாட்டாங்க" என்றார். கேட்டைப் பூட்டினேன். சாமான் கொண்டுவரும் கடைக்காரர் கேட்டுக்கு வெளியே பெட்டியை வைத்து, ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். நோய் அடங்கியதும், பெற்றோல் இல்லை, பஸ் இல்லை என்று ஒரு காலம் வந்தது. அதுவும் போயிற்று.

அதற்குப் பிறகு எந்தக் காரணமும் இருக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "ரெண்டு நாளைக்கு வேற ஆள் ஏற்பாடு பண்றேன், நீங்க போய்ப் பிள்ளையப் பார்த்துட்டு வாங்க" என்று பெரிய மகன் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும், "டீச்சர் வேற ஆள் கையில சாப்பிட மாட்டாங்க சார்" என்று நானே மறுத்தேன். அது பாதி உண்மை. மறு பாதி பயம். ஹோர்ன் சத்தம் கேட்டால், கடைக்காரர் போகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்கப் பழகியிருந்தேன். அவர் நல்ல மனிதர். "எப்பிடிம்மா, சுகமா?" என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அப்படிக் கேட்டால் அதற்கு எவ்வளவு பதில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கு எனக்கு மறந்துபோயிருந்தது.

டீச்சரோடு இருக்கும்போது அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரியும். "டீ குடிக்கிறீங்களா டீச்சர்? குடிக்கிறேங்குறீங்க. சூடு சரியா இருக்கா? சரியா இருக்கு. வாயத் தொறங்க. இன்னும் கொஞ்சம். போதுமா? போதும்." இப்படியே காலையிலிருந்து பேசிக்கொண்டிருப்பேன். கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது. மத்தியானத்தில் அவருடைய அலுமாரியிலிருந்து புத்தகம் எடுத்துச் சத்தமாக வாசிப்பேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவளுக்கு இப்படி எழுத வந்ததென்றால், அந்த அலுமாரியால் வந்தது. ஒரு பக்கம் பிடித்திருந்தால் இடது கையால் போர்வையைத் தட்டுவார். அது ஒன்றுதான் வெளியிலிருந்து எனக்கு வந்த பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு போனில் பேசுவேன். ஆரம்பத்தில் அவள் நிறுத்தமாட்டாள். கோழி முட்டையிட்டது முதல் பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம் என்பதுவரை சொல்வாள். வருடம் போகப்போக நான்தான் பேசினேன். "சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்ப. பாடம் படிச்சியா? படிச்சிருப்ப. சித்தி சொல்றதக் கேளு. கேப்ப." அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் விழுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவேன். லைன் விழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் ஒரு காலை தேநீருக்குப் பிறகு இறந்தார். மகன்மார் வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். நான் மூன்று நாளும் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு அந்த பஸ்ஸில் ஏறினேன்.

நான் ஊர் வந்து சேர்ந்த அன்று லயத்துப் பெண்கள் எல்லாரும் தங்கச்சி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிட்டார்கள். ஒரே நேரத்தில் ஏழெட்டு வாய் பேசியது. ஒருத்தி கேட்டதற்கு நான் பதிலைத் தேடுவதற்குள் இன்னொருத்தி அடுத்ததைக் கேட்டாள். எந்த முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒருத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் என் பக்கத்தில் நிற்கும் பழைய கூட்டாளி. அவள் சங்கடப்பட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பேசவேண்டும் என்று நினைத்து, "ஒடம்பு எப்பிடி? நல்லாத்தான் இருக்கு. மருமக வந்துட்டாளா? வந்துட்டா. பிளேன்டீ குடிக்கிறியா? குடிப்ப" என்றேன். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.

மகள் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். பதினான்கு வயது. என் உயரம் வந்திருந்தாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் சித்தியிடம் "நீ சும்மா இரு சித்தி", "நீ சொல்லு" என்று பேசுவாள். என்னிடம் "வாங்க", "இருங்க", "தெரியாதுங்க". தோட்டத்துக்கு வந்துபோகும் நர்சம்மாவிடம் அப்படித்தான் பேசுவாள்.

முதல் பெரிய தவறு ஒரு வாரத்துக்குள் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம் மகளின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து, மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். மகளின் கடைவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நான் எழுந்து போய் என் சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை தானாக அவள் தட்டுக்குப் போய், ஒரு கவளம் பிசைந்து, "வாயத் தொறங்க" என்றது. தொறங்க என்றேன், மகளிடம். இடது கையால் அவள் தாடையைப் பிடித்திருந்தேன், டீச்சரைப் பிடிப்பதுபோல.

"தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு தட்டைத் தள்ளினாள். சோறு சிமெந்துத் தரையில் சிதறியது. கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் வரவில்லை. அடுத்த சில நாட்களில், பள்ளிக்கூடத்துப் பாதையில் யாரோ "வாயத் தொறங்க" என்று மகளைக் கிண்டல் செய்ததைத் தங்கச்சி வந்து சொன்னாள்.

"அக்கா, நீ கொஞ்ச நாளைக்கு அவகிட்டப் போவாம இரு" என்றாள் தங்கச்சி.

"எத்தன நாளைக்கு? கொஞ்ச நாளைக்கு" என்றேன் நான்.

"பாத்தியா? அதத்தான் சொல்றேன்."

சும்மா வீட்டில் இருந்தால் இன்னும் மோசமாகிவிடும் என்று நினைத்து பதுளையில் வேலை தேடினேன். கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடை. டீச்சரின் வீட்டிலிருந்து தந்த கடிதத்தைப் பார்த்து, நம்பிக்கையான ஆள் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது வாரம் ஒரு தாயும் மகளும் கல்யாணச் சேலை பார்க்க வந்தார்கள். நான் எட்டுப் பத்து சேலைகளை விரித்துக் காட்டினேன். பேசவில்லை. அந்த மகள் ஒரு மஞ்சள் சேலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் அந்தச் சேலைமேல் விருப்பம் இல்லை. கல்யாணத்தின் மேலேயே விருப்பம் இல்லை என்று எனக்குப் பட்டது. சேலையை மடித்து உள்ளே வைத்து, "இது ஒங்களுக்கு வேணாம்" என்றேன். "எதுவுமே வேணாங்குறீங்க."

அந்தப் பெண் சடாரென்று அழத் தொடங்கினாள். தாய் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. முதலாளி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, ஒனக்கு என்ன நடந்திச்சி?"

"ஒண்ணும் இல்லைங்க."

"வந்தவங்களோட ரெண்டு வார்த்த பேசணும். மழை பெய்யுதான்னு கேக்கணும், எங்கேருந்து வாறீங்கன்னு கேக்கணும். அவங்க சொல்றதக் கேட்டுக்கிட்டு நிக்கணும். கட வியாபாரம்னா அது தானே?"

"கேட்டேங்க. அவ கண்ணு சொன்னிச்சி."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படவில்லை. பின்கட்டில் வரும் பொதிகளைப் பிரித்து, துணிகளை அளவுக்கு மடித்து அடுக்கும் வேலையைக் கொடுத்தார். அங்கே ஜன்னல் இல்லை. ஒரு குழல் விளக்கும் நானும் துணியும் மட்டும். இரண்டு மாதம் அங்கே சந்தோசமாக இருந்தேன். ஒரு நாள் ஒரு சட்டைத்துணியை மடித்துக்கொண்டு, "சரியா இருக்கா? சரியா இருக்கு. திரும்புங்க" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த கடைப்பெண் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தேநீரை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தே ஒரு வாரம் போய்விட்டது. அதற்குப் பிறகு சொல்வதில் அர்த்தமில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று மகள் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அதை நேராகச் சித்தியிடம் கொடுத்தாள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். "நீ வா சித்தி. நீயே வா" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

தங்கச்சி அன்றைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டியிருந்தது. நான் போகிறேன் என்றேன். காலையில் மகள் கூட்டாளிகளோடு முன்னால் போய்விட்டாள். நான் பாதை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வணக்கம் டீச்சர். பிள்ளை எப்படிப் படிக்கிறா? சரிங்க. நன்றிங்க. நான்கு வாக்கியம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

வகுப்பறையில் இருபது பேர் இருந்தார்கள். பிள்ளைகள் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். என் முறை வந்தது. வகுப்பு டீச்சர் இளம் பெண். "ஒங்க மக கணக்குல நல்லா செய்றா. ஆனா இப்ப கொஞ்ச நாளா வகுப்புல பேசுறதே இல்ல. வீட்ல எதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வி என் நான்கு வாக்கியத்துக்குள் இல்லை. டீச்சர் என்ற சொல்லும், அந்தக் கனிவான குரலும், பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்தக் கண்களும் சேர்ந்து என்னவோ செய்தன. பேசத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. குளவி கொட்டி வீங்கிய முகத்திலிருந்து தொடங்கினேன். பூட்டிய கேட், ஹோர்ன், டீச்சரின் முதுகில் வந்த படுக்கைப்புண், அதில் வந்த நாற்றம், அதை நான் துடைத்த விதம், கடைசி நாளில் தொண்டையில் நின்றுபோன தேநீர், அதை விரலால் எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். "நான் தொறங்கன்னேன், அவங்க தொறக்கல" என்று மூன்று தடவையோ நான்கு தடவையோ சொன்னேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். யாரோ தண்ணீர் என்றார்கள். நடுவில் வகுப்பு டீச்சர், "சரிம்மா, சரிம்மா" என்று சொன்னது கேட்டது. அது நிறுத்தச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம் என்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசினேன்.

ஒருவழியாக நிறுத்தினேன். ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். என் மகள் இல்லை.

அவள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, சித்தியின் காம்பராவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தங்கச்சி என் காம்பராவில் வந்து படுத்தாள். மகள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஒன்பது நாள் போகவில்லை. யாரிடமும் பேசவில்லை, சித்தியிடம்கூட. கதவுக்கு வெளியே சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு வருவோம். அவள் எடுத்துக்கொண்டு மறுபடியும் பூட்டிக்கொள்வாள். மூன்றாவது நாள், நான் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். நான் போய்விட்டேனா என்று அவள் உள்ளே நின்று காத்திருப்பது, கதவடியில் தெரிந்த நிழலில் தெரிந்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்பது எனக்கு அளவு பிசகாமல் தெரியும். நானும் கதவுக்குப் பின்னால் அப்படி நின்றவள்தானே. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நாள் இல்லை. குளவி கொட்டியதென்று ஆள் ஓடிவந்து சொன்ன நாளில்கூட அவ்வளவு பயப்படவில்லை.

தங்கச்சி அன்றைக்குத்தான் மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"நான் ஒரு வார்த்த சொன்னதில்லக்கா. ஆறு வருசம் அவள எம்புள்ளயா வளத்தேன். காய்ச்சல்ல கெடந்தா நான் முழிச்சேன். பெரிய புள்ள ஆனப்ப நான் நின்னேன். நீ போன்ல ஒன்னோடயே பேசிட்டு வச்சிருவ. அவ போனக் காதுலயே வச்சிக்கிட்டு நிப்பா."

"நான் லைன் விழுந்துருச்சின்னு..."

"லைன் விழலக்கா. அவ பேச எடம் வேணும்ல?"

அவள் உண்மையிலேயே என் பதிலுக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொழுந்துக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாவது நாள் வகுப்பு டீச்சரே லயத்துக்கு வந்து மகளைக் கூட்டிப்போனார். அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

டவுனில் மனநலக் கிளினிக் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லவேண்டியதைச் சுருக்கமாக ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். டாக்டர் நிமிர்ந்து, "சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?" என்றார். எனக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். வகுப்பறையில் நடந்ததுபோல் நடந்துவிடும் என்று பயந்து, "தலவலிங்க" என்றேன். வேறெதாவது உண்டா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். தாள் ஜாக்கெட்டுக்குள் நனைந்துபோயிருந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மொனராகலையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. டீச்சரின் மகன் யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு முதியவர், விழுந்து ஆறு மாதம், பேச்சில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரவு பகலாகத் தங்க வேண்டும். "வாறேங்க" என்றேன் உடனே. போனில் அவ்வளவு தெளிவாக நான் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. மகளிடம், "அம்மா வேலைக்குப் போறேன்" என்றேன். "ம்" என்றாள். புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

லுணுகலை தாண்டி இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய் வெக்கை வந்தது. கரும்புக் காணிகளுக்கு நடுவில் பெரிய மதில் போட்ட வீடு. மருமகள் கேட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். பினைல் மணந்தது. கட்டிலில் முதியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்து மேசையில் மூக்கு வைத்த கோப்பை, துவாய், பவுடர் டப்பா. என் கை நேராகக் கோப்பைக்குப் போனது. "தண்ணி குடிக்கிறீங்களா ஐயா? குடிக்கிறேங்குறீங்க. வாயத் தொறங்க." அவர் திறந்தார். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். என் தோள் இரண்டும் இறங்கின. பத்து மாதமாகத் தோள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நல்லாப் பழகின கை" என்று மருமகள் சந்தோசப்பட்டார். "இங்க ஒங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்காது. யாரும் வர மாட்டாங்க. எல்லாம் நாங்க கொண்டாந்து தந்துருவோம். கேட்டுக்கு வெளிய போற வேலையே இல்ல."

அதைக் கேட்டு எனக்குள் வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வேன். தாகத்தில் கிடந்தவள் தண்ணீர்ச் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. அந்தச் சந்தோசமே என்னைத் திடுக்கிட வைத்தது. இங்கே இருந்தால் இனி நான் வெளியே வரமாட்டேன். யாரும் என்னைப் பூட்டத் தேவையில்லை. நானே பூட்டிக்கொள்வேன். பண்டாரவளையிலும் கடைசி இரண்டு வருடம் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. "பேக்க பஸ் ஸ்டாண்ட் கடையில வச்சிருக்கேன், எடுத்துட்டு வாறேங்க" என்று பொய் சொன்னேன். கேட்டைத் தாண்டியதும் நடந்தேன், பிறகு ஓடினேன். பதுளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஐந்து தடவை அடித்தது. எடுக்கவில்லை. அந்த முதியவருக்கு அன்றைக்குப் பகல் சாப்பாட்டை யார் ஊட்டினார்களோ. வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி ஏன் என்று கேட்டாள். "சரிவரல" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். கோபமா, ஆறுதலா என்று தெரியவில்லை. எல்லார் கண்ணையும் படித்தவளுக்கு அவள் கண் மட்டும் பிடிபடவில்லை.

பிறகு மறுபடியும் கொழுந்துக்குப் பேர் கொடுத்தேன். அடுத்த நிரையில் எப்போதும் என் பழைய கூட்டாளிதான் நிற்பாள், அன்று நான் உற்றுப் பார்த்துச் சங்கடப்படுத்தியவள். முதல் மாதம் முழுக்க என் பேச்சைச் சகித்துக்கொண்டாள். ஒரு நாள் கூடையை இறக்கிவைத்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்தா பாரு. ஒன்னையக் கேட்டா நீ பதில் சொல்லு. என்னையக் கேட்டா நான் சொல்லிக்கிறேன். எனக்கு வாய் இருக்கு."

"சரி" என்றேன்.

"இப்பக் கேளு."

"பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் வேண்டுமென்றே தாமதித்தாள். இரண்டு கை கொழுந்து பறிக்கும் நேரம். அந்த இடைவெளியில் எனக்கு வியர்த்தது.

"பசிக்கல" என்றாள்.

நான் என் பக்கத்திலிருந்து சொல்லியிருந்தால் பசிக்குது என்று சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் சரியாகிவிட்டேன் என்று எழுத ஆசை. ஆகவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவும் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கடையில் தேங்காய் கேட்கப் போய், முன்னால் ஆள் நின்றால் வாங்காமல் வந்த நாட்கள் உண்டு. பேச்சுக்குள் நுழையும் இடம் எனக்கு இன்னும் தெரிவதில்லை. நான் நுழையும்போது பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கிறது. சில நாட்களில் மொனராகலை வீட்டின் அந்தப் பினைல் வாசனை நினைவுக்கு வருகிறது. போய்விடலாமா என்று தோன்றுகிறது. இதுவரை போகவில்லை. நாளைக்கு என்ன செய்வேன் என்று சொல்ல முடியாது.

மகள் சாதாரண தரம் எழுதி, இப்போது உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் போய்வருகிறாள். சித்தியோடுதான் இருக்கிறாள். என்னிடம் தேவைக்குப் பேசுகிறாள். இன்னும் "நீங்க"தான்.

போன திங்கட்கிழமை அவளுடைய குடையைக் கொடுக்க பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். புதுக் கூட்டாளி ஒருத்தி கூட நின்றாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, யார் என்பதுபோல் மகளைப் பார்த்தாள். ஒன்றும் பேசக்கூடாது என்று குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அம்மா" என்றாள் மகள். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு பேசவே மாட்டாங்க. பேசுனா நிறுத்த மாட்டாங்க" என்றாள்.

கூட்டாளி சிரித்தாள். மகளும் லேசாகச் சிரித்தாள். அது கிண்டலா, பிரியமா, என்னைக் காப்பாற்றுவதா, எதுவென்று எனக்கு விளங்கவில்லை. நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறினார்கள். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு, ரோட்டில் தனியாக நிற்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. குடை என் கையிலேயே இருந்தது.